நாலு ரோல், ஒரு மகால்: நிழலை அளக்கப் பழகிய கதை

கழுவிய நாலாவது பிலிம் ரோல் குளியலறைக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. சுருண்டுவிடாமல் இருக்கக் கீழ் நுனியில் துணி கிளிப் இரண்டு மாட்டியிருந்தேன். காயும்வரை பொறுக்க முடியவில்லை. ஓரத்தைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நெகட்டிவில் வெளிச்சம் கறுப்பாகவும் இருட்டு தெளிவாகவும் விழும். ஆனால் 23-வது பிரேமில் மதுரைத் திருமலை நாயக்கர் மகால் தூணின் நிழல் பக்கம் வெறும் கண்ணாடியாக இல்லை. சுண்ணாம்புப் பூச்சின் விரிசல் மெல்லிய கோடாக ஓடியது. ஏப்ரலில் இருந்து ஜூலை வரை மூன்று ரோலைச் செலவழித்தது இந்தக் கோட்டுக்காகத்தான். நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். பழைய கேமரா ஒன்றைக் கையில் எடுத்திருக்கும் யாருக்காவது ஒரு ரோல் மிச்சமானாலும் நல்லது.

பெரியப்பா திருமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். கடையைக் காலி செய்தபோது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, பென்டாக்ஸ் கே1000 ஒன்றையும் 50 எம்எம் லென்ஸையும் மட்டும் பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தார். 1976-ல் இருந்து 1997 வரை தயாரான மாடல் இது. தானாக நடப்பது எதுவும் இதில் இல்லை. ஸ்பீடு (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு, எஃப் எண் பெரிதானால் துளை சிறிது), ஃபோகஸ் மூன்றும் நம் கையில்தான். வியூஃபைண்டரின் வலது ஓரத்தில் ஒரு முள் ஏறி இறங்கும், அதுதான் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். பேட்டரி அந்த முள்ளுக்கு மட்டுமே. பேட்டரி இல்லாமலும் ஷட்டர் ஓடும்.

பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலை தெரிந்துவிட்டது. வெளிச்சம் உள்ளே புகாமல் இருக்கக் காடியில் ஒட்டியிருந்த கறுப்பு ஸ்பாஞ்ச் உருகித் தார் போல ஆகியிருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது, தேய்த்தாலும் போகவில்லை. பல்குச்சி, ஸ்பிரிட், பழைய வேட்டித் துணி மூன்றையும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சுரண்டினேன். துணியை நனைத்துப் பிழிந்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஸ்பிரிட் வழிந்து ஷட்டர் துணியில் பட்டால் அதோடு போயிற்று. ஸ்பாஞ்சுக்குப் பதிலாக விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் கறுப்புக் கம்பளி நூல் வாங்கினேன். இரண்டு இழை போட்டால் நன்றாக அடைக்கும் என்று நினைத்துப் போட்டேன், மூடி சாத்தவே இல்லை. ஓர் இழையை உருவியதும் 'டக்' என்று சாத்தியது. கீல் இருக்கும் பக்கம் மட்டும் வெல்வெட் துணியை 4 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டி ஒட்டினேன். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி மேலே வந்து மோதும் இடத்திலும் ஸ்பாஞ்ச் உண்டு. அங்கே ஸ்பிரிட்டே கொண்டுபோகவில்லை, காய்ந்த குச்சியால் மட்டும் எடுத்தேன்.

எல்ஆர்44 பேட்டரி ஒன்று 40 ரூபாய். போட்ட சில நாளில் முள் படுத்துவிட்டது. கேமராவில் கோளாறு என்று நினைத்து இன்னொன்று வாங்கிப் போட்ட பிறகு பெரியப்பாவிடம் கேட்டேன். "மூடி போட்டு வச்சியாத்தா?" என்றார். கே1000 மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடிதான் சுவிட்ச். இருட்டில் வைத்தால் மீட்டர் ஏறக்குறைய எதையும் இழுக்காது, திறந்து வைத்தால் இழுத்துக்கொண்டே இருக்கும்.

பிலிம் ஹெச்பி5 பிளஸ், கறுப்பு வெள்ளை, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் வேகம்) 400. ரோல் ஒன்று 950 ரூபாய்க்குத் தபாலில் வந்தது. கலர் எடுத்தால் கழுவ வெளியூருக்கு அனுப்ப வேண்டும். கறுப்பு வெள்ளை என்றால் வீட்டிலேயே கழுவலாம், தப்பு என்ன என்று அன்றைக்கே தெரியும்.

முதல் ரோலைத் தெற்கு மாசி வீதி முழுக்க எடுத்தேன். எண்ணிக்கை 36-ஐத் தொட்ட பிறகும் லீவர் தடையில்லாமல் நகர்ந்தது. சில ரோலில் ஒன்றிரண்டு கூட வரும் என்று கேள்விப்பட்டிருந்ததால் சந்தேகப்படவில்லை. பெரியப்பா வீட்டில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கழுவினேன். வெளியே எடுத்தால் ஒன்றுமே இல்லை, தலையில் இருந்து வால் வரை தெளிந்த கண்ணாடி.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியப்பா ரோலை வாங்கி ஓரத்தை மட்டும் பார்த்தார். துளைகளுக்குக் கீழே பிலிமின் பெயரும் பிரேம் எண்களும் கறுப்பாக, கூராக இருந்தன. "மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு. உன் பிலிம்தான் நகரவே இல்ல" என்றார். அந்த எழுத்துகள் தொழிற்சாலையிலேயே வெளிச்சம் பட்டு வருபவை. அவை நன்றாக எழும்பியிருந்தால் கழுவியது சரி, கேமராவுக்குள்தான் ஏதோ நடக்கவில்லை என்று பொருள். பிலிமின் நாக்கு சுருட்டும் உருளையின் பிளவில் மாட்டாமல் வழுக்கியிருக்கிறது. கேமராவின் எண்ணி, பிலிமை எண்ணுவதில்லை, லீவரைத்தான் எண்ணுகிறது.

அன்றில் இருந்து ஒரு பழக்கம். பிலிம் போட்டு மூடியதும் ரீவைண்டு குமிழை மெதுவாகத் திருகித் தொய்வை எடுப்பேன். பிறகு லீவரை இழுக்கும்போதெல்லாம் அந்தக் குமிழ் எதிர்ப்பக்கம் சுழல்கிறதா என்று கவனிப்பேன். சுழன்றால் பிலிம் நகர்கிறது. அந்த வெற்று ரோலையும் தூக்கிப் போடவில்லை. கழுவும் முன் பிலிமை இருட்டில்தான் டேங்க் ரீலில் சுற்ற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அப்படிச் சுற்றிப் பழக அதுதான் உதவியது.

இரண்டாவது ரோலை எடுத்துக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போனேன். சமணர் மலையடிவாரம், தாமரைக் குளம், ஆலமரம், பேச்சிப்பள்ளம் ஏறும் படிகள். ஆசைக்கு எதுவும் குறைவில்லை. காலை பத்தரைக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடித்தேன். ஒவ்வொரு படத்துக்கும் முள்ளை நடுவில் நிறுத்திவிட்டு அமுக்கினேன். முள் நடுவில் நின்றால் சரி என்பதுதான் அப்போது எனக்குத் தெரிந்த கணக்கு.

இந்த ரோலை வீட்டில் தனியாகக் கழுவினேன், அங்கேதான் இன்னொரு தப்பு. மேல்தொட்டித் தண்ணீர் 32 டிகிரி. படத்தை எழுப்பும் மருந்தான டி-76 டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்தால் இந்தப் பிலிமுக்கு 20 டிகிரியில் 11 நிமிடம். சூடு கூடினால் நேரத்தைக் குறைக்கலாம்தானே என்று உத்தேசமாக 4 நிமிடத்தில் முடித்தேன். அவ்வளவு குறைந்த நேரத்தில் மருந்து எல்லா இடத்திலும் சமமாகப் பிடிப்பதில்லை. துளைகளின் ஓரமாக வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு. வானம் இருக்கிற படம் எல்லாமே போயிற்று.

கோடு இல்லாத படங்களில் இரண்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஆலமரத்து மேடையில் வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கேட்டுவிட்டு எடுத்தேன். படத்தில் வேட்டி அழுக்குச் சாம்பல், முகம் கரி. அடுத்த பிரேம் குளத்தோரம் நின்ற எருமை, பிரேம் முழுக்க அதன் விலாதான். அது வெளுத்துப்போய் அதே சாம்பலில் நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. மீட்டருக்கு வேட்டியும் தெரியாது, எருமையும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுச் சாம்பலாக்கத்தான் அது வழி சொல்லும். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, குறைத்தால் பாதி. வேட்டியை அளந்தால் ஒன்றரை ஸ்டாப் கூடக் கொடுத்திருக்க வேண்டும். எருமையை அளந்தால் ஒன்றரை ஸ்டாப் குறைத்திருக்க வேண்டும்.

அந்த ரோலில் வெளிச்சம் ஒழுங்காக விழுந்தது மூன்று படத்தில். மூன்றும் நல்ல வெயிலில் நின்ற மொட்டைப் பாறை. முள் காட்டியது எஃப் 16, ஸ்பீடு 1/500. பழைய ஸ்டுடியோக்காரர்கள் மீட்டர் இல்லாமலே வைத்த கணக்கும் அதுதான். தெளிந்த வெயிலில் அப்பர்ச்சர் 16, ஸ்பீடு பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருங்கியது. 400-க்கு நெருங்கியது 1/500. வெயிலுக்கு மீட்டரே தேவையில்லை என்பதை அந்தப் பாறைகள் காட்டின. கஷ்டமெல்லாம் நிழலில்தான்.

அப்படியானால் நிழல் நிறைய இருக்கிற இடத்திலேயே பழகுவோம் என்று முடிவு செய்தேன். மீனாட்சி கோயிலுக்குள் கேமரா கொண்டுபோக முடியாது. திருமலை நாயக்கர் மகாலில் கேமராவுக்குத் தனிச் சீட்டு எடுத்தால் போதும். 1636-ல் கட்டியது. நடுவில் திறந்த முற்றம், சுற்றி ஆள் கைக்கு அடங்காத தூண்கள், மேலே வளைவுகள். ஒரே கட்டடத்துக்குள் மதுரையின் முழு வெயிலும் நல்ல இருட்டும் பத்தடி தூரத்தில் இருக்கின்றன. பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது ரோலுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுத்துக்கொண்டேன். பிரேம் எண், மணி, எதை அளந்தேன், என்ன வைத்தேன் என்று நாலு கட்டம். முற்றத்துத் தரை எஃப் 16, 1/500. முதல் வரிசைத் தூணின் நிழல் பக்கம் எஃப் 5.6, 1/250. கூடத்தின் உள்பக்கம் எஃப் 4, 1/125. கூட்டிப் பார்த்தால் முற்றத்துக்கும் உள்கூடத்துக்கும் நடுவில் 6 ஸ்டாப். நம் கண் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடுகிறது. அதனால்தான் பிலிமும் பார்த்துவிடும் என்று நம்பி எடுத்துக்கொண்டே போகிறோம்.

நிழல் வேண்டும் என்பதால் நிழலையே அளந்து, அந்த அளவையே வைத்து எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் முற்றமும் வேண்டும், தூணின் உச்சியும் வேண்டும், வளைவும் வேண்டும். பின்னால் நகர்ந்து நகர்ந்து எதிர்ச் சுவரில் முதுகு இடிக்க நின்று எடுத்தேன்.

கழுவும் முறையை இந்தத் தடவை சரி செய்துவிட்டேன். மண்பானைத் தண்ணீரை அளந்தால் காலையில் 25 டிகிரி இருந்தது. மருந்துக் குடுவையை ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தி, வாளிக்குள் மட்டும் ஐஸ் போட்டு 24-க்கு இறக்கினேன். மருந்துக்குள்ளேயே ஐஸ் போட்டால் நீர்த்துவிடும். 20 டிகிரிக்குக் கொண்டுவர நான் மெனக்கெடவில்லை. இறக்கிவிடலாம், ஆனால் கையில் பிடித்துக் குலுக்கும்போதே ஏறிவிடுகிறது. 24-ல் நிற்பது இந்த ஊரில் சுலபம். அதற்கு 7 நிமிடம் 45 விநாடி. முதல் பத்து விநாடி நாலு முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை அதேபோல. எழும்பிய படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவை உப்பாகவே வாங்கிக் கரைத்தேன். கரையும்போது குடுவை சில்லென்று குளிர்ந்து வெளியே வியர்த்துவிட்டது. இது பெரியப்பா சொல்லாத செய்தி. கோடையில் எனக்கு நல்ல உதவி. ரொம்பக் குளிர்ந்துவிட்டால் கொஞ்ச நேரம் வெளியே வைத்து 24-க்குத் திரும்பிய பிறகே ஊற்றுவேன்.

ரீலில் சுற்றுவது பூஜை அறையில். எங்கள் வீட்டில் ஜன்னல் இல்லாத அறை அது ஒன்றுதான். கதவிடுக்கில் போர்வையைச் சுருட்டி வைத்து, விளக்கில்லாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கண் பழகிய பிறகும் கை தெரியவில்லை என்றால் போதும். கை வியர்த்தால் பிலிம் ரீலில் சிக்குகிறது. அதனால் சாயங்காலத்தில் செய்யாமல் விடியற்காலையில் செய்தேன்.

நெகட்டிவ் கோடில்லாமல், சீராக வந்தது. சந்தோஷமாகத் திருமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். நெகட்டிவைப் போனில் எடுத்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் நான் திருப்பி வைத்திருந்த படத்தைப் பெரியப்பா பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நெகட்டிவை அன்றைய பேப்பரின் மேல் போட்டார். முற்றம் விழுந்த இடம் நெகட்டிவில் அடர்கறுப்பு. "இது வழியா எழுத்துத் தெரியுதான்னு சொல்லு" என்றார். தெரியவில்லை. தலைப்பு எழுத்துகூடத் தெரியவில்லை. நல்ல நெகட்டிவில் மிகக் கறுத்த இடத்தின் வழியாகவும் அச்செழுத்தை முயன்றாவது படிக்க முடிய வேண்டும். அவர் ஸ்டுடியோவில் இருந்த சோதனை இது ஒன்றுதான்.

"நிழலையும் பாழாக்கிட்டியேத்தா. இருட்டு இருட்டாத்தான இருக்கணும்? நீ சாம்பலாக்கி வச்சிருக்க" என்றார். அங்கேதான் எருமைப் படம் ஞாபகம் வந்தது. நிழலை அளந்து அதே அளவை வைத்தால் நிழலும் நடுச் சாம்பல் ஆகும். விவரம் தெரிகிற கருமையாக நிற்க வேண்டும் என்றால், நிழலை அளந்து அதில் இருந்து இரண்டு ஸ்டாப் குறைக்க வேண்டும். எருமைக்கு ஒன்றரை, ஆழ்ந்த நிழலுக்கு இரண்டு. ஒரே பாடத்தை எனக்கு இரண்டு ரோல் சொல்ல வேண்டியிருந்தது.

அப்புறம் ஒவ்வொரு பிரேமாக விரலை வைத்துக்கொண்டே போனார். "தூணோட தலை உனக்கு எதுக்கு?" பெரிய தூண் என்று காட்ட வேண்டாமா என்றேன். "முழுசா எடுத்தா கையளவு தூணாத்தான் தெரியும். பின்னால போகாத, முன்னால போ." ரோல் முழுக்க அவர் சொன்னபடிதான் இருந்தது. அத்தனை பெரிய தூண்கள் என் படத்தில் வரிசையாக நட்ட சாக்பீஸ் போல இருந்தன.

நாலாவது ரோலுக்குப் போகும்போது நான் முடிவு செய்துகொண்டது ஒன்றே ஒன்று. 6 ஸ்டாப்பில் எது வேண்டாம் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அது பிரேமுக்குள் வராதபடி நிற்க வேண்டும். அளப்பதும் நிற்பதும் இரண்டு வேலை என்று மூன்று ரோலாக நினைத்துக்கொண்டிருந்தேன். மகாலில் அது ஒரே வேலை. முற்றத்துக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்றால் வெயில் ஓரத்தில் ஒரு பட்டையாகச் சுருங்கிவிடுகிறது. மிச்சமெல்லாம் கூடத்து நிழலும், தரையில் பட்டு எகிறி வளைவின் அடிவயிற்றில் படரும் வெளிச்சமும்தான்.

உள்கூட நிழல் அதே எஃப் 4, 1/125. இரண்டு ஸ்டாப் குறைத்து எஃப் 5.6, 1/250. ஓரத்து வெயில் பட்டைக்கு இது 4 ஸ்டாப் அதிகம். அதைக் கொஞ்சம் அடக்க, கழுவும் நேரத்தை 7 நிமிடம் 45 விநாடியில் இருந்து 6 நிமிடம் 30 விநாடியாகக் குறைப்பது என்று நோட்டில் முன்கூட்டியே எழுதிக்கொண்டேன். அளவை ஒருமுறை வைத்துவிட்டால் வெயில் மாறும்வரை தொட வேண்டியதில்லை. முள்ளையே பார்க்காமல் ஆட்களைப் பார்க்க முடிந்தது இந்த ரோலில்தான்.

பத்தரை மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு பேர் ஒரு தூணைக் கட்டிப்பிடிக்கப் போட்டி போட்டார்கள். ஒரு பெண் இந்தப் பக்கம் கன்னத்தைத் தூணில் அழுத்தி நின்றாள். மறுபக்கத்துப் பையனின் நாலு விரல் மட்டும் தூணைச் சுற்றி வந்து துழாவிக்கொண்டிருந்தது. இரண்டு கைக்கும் நடுவே இன்னும் ஒரு முழம் பாக்கி. பழைய பழக்கத்தில் பின்னால் ஓர் அடி வைத்தேன். பிறகு இரண்டு அடி முன்னால் போனேன். தூணின் தலையும் இல்லை, அடியும் இல்லை. பிரேமின் முக்கால்வாசி சுண்ணாம்புப் பூச்சு, இடது ஓரத்தில் கன்னம், வலது ஓரத்தில் விரல்கள், அதற்கும் வெளியே நூலாக ஒரு வெயில். ஃபோகஸ் அவள் கண்ணில். 23-வது பிரேம் அதுதான். தூண் எவ்வளவு பெரியது என்பது அந்த ஒரு முழ இடைவெளியில் தெரிகிறது. அவர்களின் ஆசிரியையிடம் கேட்டுவிட்டு இன்னும் இரண்டு எடுத்தேன். அவற்றில் பிள்ளைகள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நல்ல படங்கள்தான், ஆனால் தூண் சிறுத்துவிட்டது.

கடைசிக் கழுவலுக்குப் போர் தண்ணீரை விட்டுவிட்டேன். அதில் அலசினால் காய்ந்ததும் உப்புப் புள்ளி நிற்கிறது, துடைத்தால் கீறல். கேன் தண்ணீர் ஒரு லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் முக்கி, விரல் வைத்துத் துடைக்காமல் அப்படியே தொங்கவிட்டேன். இந்த ரோலில் ஒரு புள்ளிகூட இல்லை.

இதுவரை ஆன செலவு: பிலிம் நாலுக்கு 3,800, டி-76 ஒரு லிட்டர் பாக்கெட் 850, ஹைப்போ உப்பு 120, தெர்மாமீட்டர் 180, அளவுக் குடுவை 150, பேட்டரி இரண்டு 80, ஸ்பிரிட் 90, நூலும் வெல்வெட்டும் 60. மொத்தம் 5,330 ரூபாய். பஸ்ஸும் மகால் சீட்டும் இதில் இல்லை. கழுவும் டேங்க் பெரியப்பாவுடையது. ஒரு ரோலுக்கு 300 மில்லி போதும், அதில் பாதிதான் டி-76 என்பதால் ஒரு லிட்டர் ஆறு ரோல் வரை வரும். ஆனால் பாட்டில் பாதி காலியானால் காற்றுப்பட்டு மருந்து கெடும். 250 மில்லி சோடா பாட்டில் நாலில் கழுத்துவரை ஊற்றி மூடி வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை மாற்றப்போவது முதலில் பிலிம். நம் ஊர் வெயிலுக்கு 400 அதிகம். கே1000-ல் 1/1000-க்கு மேல் ஸ்பீடு இல்லை, அதனால் வெயிலில் எஃப் 11-க்குக் கீழே திறக்கவே முடியவில்லை. பின்னணியைக் கலைக்க நினைத்த இடத்தில் எல்லாம் கம்பமும் கம்பியும் கூராக வந்து நின்றன. வெளியே எடுப்பதற்கு 100 வாங்குவேன், 400 மகாலுக்கு மட்டும். நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டமும் போட்டுவிட்டேன்: 'எதைத் தள்ளினேன்'.

நாலாவது ரோலைப் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். பேப்பரின் மேல் போட்டு வெயில் பட்டை வழியாகக் குனிந்து பார்த்தார். ஒரு வரியை மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படித்தார். தங்கம் விலை. படித்து முடித்துவிட்டு நெகட்டிவைச் சுருட்டாமல் நீளமாகவே பிடித்து என்னிடம் கொடுத்து, "அஞ்சாவதை எப்பத்தா போடப் போற?" என்று கேட்டார். ஐந்தாவது ஏற்கனவே கேமராவில் இருக்கிறது. வண்டியூர் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் ஏழு படம் ஆகியிருக்கிறது, குமிழ் சுழல்கிறது.